மூடுபனித் தீவில் சுவர் கழுவும் காலம்

கனடா நாட்டின் கிழக்குக் கோடியில், அத்திலாந்திக் சமுத்திரத்தினுள்ளே தனித்துக் கிடக்கும் பெருந்தீவு நியூபவுண்ட்லாந்து. அத் தீவின் தலைநகர் சென் ஜோன்ஸ். நகரிலிருந்து சிறிது தூரம் சென்றால் ஸ்பியர் முனை என்னும் கடல்முனை வரும். கிறீன்லாந்தை நீக்கிப் பார்த்தால் வட அமெரிக்காவின் கிழக்கெல்லை அதுவே. உலக நாடுகளிற் பெரும்பாலானவை முழு மணிக் கணக்கில் நேரம் வைத்திருக்க, இத் தீவினரோ நம் இலங்கையரைப் போல அரை மணிக் கணக்கு வைத்திருக்கின்றனர். ஆதலாற் கோடை காலத்தில் நமது நேரத்துக்கும் அவர்களது நேரத்துக்கும் சரியாக 8 மணி வேறுபாடு. கடிகாரத்தின் பெரிய முள்ளைத் தொட வேண்டியதேயில்லை.

ரொறொன்ரோ நகரில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குச் சென்றிருந்த நாம், இத் தீவுக்கும் ஒருமுறை போய்வர விரும்பினோம். எம்மிடம் கணிதம் பயின்ற மாணவர் ஒருவர் சென் ஜோன்சிலுள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்கின்றார். "சேர், யூன் மாசம் வந்தால் கடலிலை பனிப்பாறை மிதந்து போறதைப் பாக்கலாம்" என்று அவர் அழைத்திருந்தார். அவ்வாறே வடக்கேயிருந்து மிதந்து வந்த பனிப்பாறையையும் கண்டோம். 1901 டிசெம்பர் 12இல் அத்திலாந்திக்கைக் கடந்து வந்த முதற் கம்பியில்லாத் தந்திச் சைகையை மார்க்கோனி கேட்ட சிக்னல் குன்றிலும் ஏறி நின்றோம். ஆயினும் இங்கே எழுதப் புகுந்தது அவற்றைப் பற்றியன்று. கோடை பிறந்ததும் அந் நகரத்தார் தங்கள் வீட்டுச் சுவர்களைக் கழுவத் தொடங்குகின்றார்கள். அத் தொழிலைப் பற்றியும், அதிலே நாம் கண்ட ஒரு முதியவரைப் பற்றியுமே எழுதுகின்றோம்.

மீன்நெய் குடித்த பலகைகள்

சென் ஜோன்ஸ் மரத்தாற் கட்டிய நகரம். 1892 யூலை 8இல் மூண்ட பெருந்தீயில் நகரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. 11,000 பேருக்கு மேல் வீடிழந்தனர். அதன்பின் எழுந்த வீடுகளும் பெரும்பாலும் மரவீடுகளே. குன்றின் சரிவிலே ஒன்றோடொன்று ஒட்டியபடி படிப்படியாக இறங்கும் அவ் வீடுகளின் வெளிச்சுவரில், மெல்லிய பலகைகள் கிடையாக, ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படிய அறையப்பட்டிருக்கும். மேற்பலகையின் கீழ்விளிம்பு கீழ்ப்பலகையின் மேல்விளிம்பை மூடி நிற்பதால் மழைநீர் உள்ளே புகாது வழிந்தோடும். கிடுகு வேய்வோர் அறிந்த அதே உபாயம் இது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறம் நிறமாக நிற்கும் இவ் வீட்டு வரிசைகளை ஓர் இனிப்புப் பண்டத்தின் பெயரால் 'ஜெலிபீன் வரிசை' என்று அழைக்கின்றனர். இந் நிறக்கோலம் பழங்காலந் தொட்டு வந்ததென்று பலர் எண்ணுவர். உண்மையில் அது 1970களின் பிற்பகுதியில், பழைய நகரைப் புதுப்பிக்கும் முயற்சியோடு பரவியது.

மரப்பலகைக்கு உப்புக் காற்றும் ஈரமும் பகை. லபிறடோர்க் குளிர் நீரோட்டமும் தெற்கேயிருந்து வரும் வெப்ப நீரோட்டமும் இத் தீவுக்கு அப்பால் சந்திப்பதால், மூடுபனி எழுந்து நகரை நாட்கணக்கில் மூடிக்கொள்ளும். சில ஆண்டுகளுக்கொருமுறை பழைய வர்ணத்தைச் சுரண்டிப் புதியது பூசாவிடின் பலகை உளுத்துவிடும். கரையோர மீனவர்களோ, தம் மீன் பதனிடும் கொட்டில்களுக்குச் செங்காவி மண்ணை மீன்நெய்யிற் குழைத்துப் பூசி வந்தனர். கடல் அரிக்கும் பலகையைக் கடல் தந்த நெய்யே காத்தது.

இந்நிலையில், 1950களின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் ஒரு புதுப்பொருள் விற்பனைக்கு வந்தது. அதனை அந் நாட்டார் 'வைனில் சைடிங்' என்பர். நாம் வைனில் பலகை என்போம். பெயர் புதிதாயினும் பொருள் நமக்குப் புதிதன்று. நம் வீடுகளிலே தண்ணீர் ஓடும் பி.வி.சி. குழாய் எப்பொருளோ அப்பொருளே அது. 1872இல் ஒயிகன் பௌமன் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர் தற்செயலாகக் கண்டது. 1926இல் வோல்டோ சீமோன் என்னும் அமெரிக்கர் அதனை வளைந்து கொடுக்கச் செய்யும் வழியைக் கண்டபின் கைத்தொழிலிற் பெருகியது. அதனை ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள நீண்ட தகடுகளாக வார்த்து, மரப்பலகை போலத் தோன்றும்படி வரியும் மடிப்பும் வைத்தனர். வர்ணம் பூச வேண்டாம், உளுக்காது, பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லி விற்றனர். இன்று சென் ஜோன்சின் புறநகருக்குட் சென்றால் தனி வீடுகளும் தொடர்மாடிகளும் பெரும்பாலும் அதனையே போர்த்து நிற்கக் காணலாம். பழைய நகரின் சில பகுதிகளில் மாத்திரம், மரபைக் காக்கும் பொருட்டு முகப்புகளுக்கு விதிகள் வைத்திருக்கின்றனர்.

ஸ்கிப்பர்

எம் மாணவர் கோடை விடுமுறையில், சுவர் கழுவும் சிறு கூட்டமொன்றிலே கூலிக்குச் சேர்ந்திருந்தார். கூட்டத்தின் தலைவர் அறுபது வயதைக் கடந்தவர். எல்லோரும் அவரை 'ஸ்கிப்பர்' என்றே அழைத்தனர். படகுத் தலைவனைக் குறிக்கும் அச் சொல்லை, வயதில் மூத்தவரை மதித்து அழைப்பதற்கும் அத் தீவினர் வழங்குவர். இவரோ உண்மையிலேயே படகில் இருந்தவர். 1992 யூலை 2இல், கொட் மீனினம் அருகிப்போனமையால், கனடா அரசாங்கம் அம் மீன்பிடியை நிறுத்தியது. ஏறக்குறைய 30,000 பேர் தொழிலிழந்தனர். நூற்றாண்டுகளாக அம் மீனை நம்பி வாழ்ந்த கரையோர ஊர்கள் பல வெறிச்சோடின. அக்காலத்திற் படகை விட்டு இறங்கிய இவர், முதலில் வைனில் பலகை பொருத்தும் வேலையைக் கற்றார். பின்னர் அதனைக் கழுவும் வேலையை மேற்கொண்டார்.

நாம் இலங்கைத் தமிழரென்று அறிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. 1986 ஓகஸ்ட் 11இல் இத் தீவின் தென்கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளிலே தத்தளித்த 155 தமிழரைக் கஸ் டோல்ரன் என்பவரும் பிற மீனவரும் மீட்டுக் கரை சேர்த்தனர். அச் செய்தி பரவியபோது ஸ்கிப்பர் இளைஞர். "கடலில் நிற்பவனிடம் யார் எவர் என்று முதலிற் கேட்பதில்லை. முதலில் ஏற்றிக்கொள்ள வேண்டும்" என்றார். அதற்கு மேல் அதைப்பற்றிப் பேசாமல், எம்மைச் சுவரருகே அழைத்துச் சென்றார்.

தொங்கும் மேலங்கி

சுவரில் அறைந்த பலகையொன்றின் நுனியைப் பிடித்து அவர் இடமும் வலமும் அசைத்துக் காட்டினார். அது சிறிது நகர்ந்தது. கழன்றுவிட்டதோ என நாம் ஐயுற்றோம். நகர வேண்டும், நகராவிட்டால்தான் பிழை என்றார் அவர்.

வைனில், வெப்பத்தில் நீண்டு குளிரிற் சுருங்கும் பொருள். பன்னிரண்டடி நீளப் பலகையொன்று மாரிக்கும் கோடைக்குமிடையே அரை அங்குலம் வரை நீளம் மாறும். ஆகவே ஆணி அடிக்கும் துளையை வட்டமாக வைக்காமல் நீள்துளையாக வைத்திருக்கின்றனர். ஆணியைத் துளையின் நடுவில் அடித்து, தலையை இறுக்காது சிறு இடைவெளி விட வேண்டும். இறுக்கி அடித்தாற் கோடையிற் பலகை வயிறு தள்ளி நெளியும். ஏறக்குறைய 70 பாகை செல்சியசைத் தாண்டும் வெப்பம் பட்டால் அது இளகி உருமாறிவிடும். இறைச்சி வாட்டும் அடுப்பைச் சுவரருகே வைத்துச் சுவரை உருக்கினோர் உண்டு. அயல்வீட்டுச் சன்னற் கண்ணாடி எறிக்கும் வெயிற்கூட அதனை நெளியச் செய்வதுண்டு.

இதிலிருந்து விளங்குவது யாது? அப் பலகை சுவரோடு ஒட்டிய தோல் அன்று; சுவரின்மேல் தொங்கும் மேலங்கி. மேலிருந்து விழும் மழையை அது தடுக்கும். காற்று அடித்து உட்செலுத்தும் சிறு நீர் கீழ்விளிம்பிலுள்ள சிறு துளைகளால் ஒழுகி வெளியேறும். அதன் பின்னால் ஈரங் காக்கும் மெல்லிய உறையும், அதற்கும் பின்னால் மரத்தட்டியும் உள. வீட்டை உண்மையிற் காப்பது மறைந்திருக்கும் அவ் வுறையே. மேலங்கியின் கீழ்விளிம்பு வழியாக, கீழேயிருந்து மேல்நோக்கி, மிக்க அழுத்தத்தோடு தண்ணீரைப் பாய்ச்சினால் அவ் வுறைக்கும் மரத்துக்கும் என்ன நேரும் என்பதை நம் மாணவர்கள் தாமே கணித்தறியலாம்.

கீழிருந்து மேலே

பராமரிப்பு வேண்டாம் என்று விற்ற பொருளும் அழுக்கடையாமல் இருப்பதில்லை. வெயில் படாத வடக்குச் சுவரிலே பச்சைப் பாசி படரும். இடுக்குகளிற் கருநிறப் பங்கசு தோன்றும். வெயில் நெடுநாட் பட்ட பக்கத்திலே, தடவினாற் கையில் ஒட்டும் வெண்பொடி எழும். தோட்டத்திலே மரச்சிராய் பரப்பியிருக்கும் இடங்களில் வேறொரு வியப்புமுண்டு. அச் சிராயில் வளரும் ஒருவகைப் பங்கசு, தன் வித்திகளை வெளிச்சமான பக்கம் நோக்கிப் பீரங்கிக் குண்டு போல எறியும். சில மீற்றர் தூரம் பறந்து வெண்சுவரில் ஒட்டிக்கொள்ளும் அக் கரும்புள்ளிகளை எடுப்பது பெரும்பாடு. அதனை அந் நாட்டார் பீரங்கிப் பங்கசு என்றே அழைக்கின்றனர்.

இவற்றைக் கழுவும் முறையை ஸ்கிப்பர் எமக்குப் படிப்படியாக விளக்கினார். முதலிற் சன்னல்களைச் சாத்தச் சொல்லி வீட்டாருக்கு அறிவித்தல். வெளிவிளக்குகளையும் மின்செருகிகளையும் மூடுதல். சுவரடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி நனைத்தல். நனைந்த செடியின்மேல் மருந்துநீர் தெறித்தாலும் அதன் வீறு குறைந்துவிடும். பின்னர் 3 பங்கு வெள்ளை வினாகிரிக்கு 7 பங்கு தண்ணீர் கலந்து, மென்மயிர்த் தூரிகையாற் சுவரில் தேய்த்தல். பெரும்பாலான பாசிக்கு இதுவே போதும். கடுங்கறைக்குச் சவர்க்காரத் தூளோடு, துணி வெளுக்கும் பிளீச் திரவத்தைத் தண்ணீரிற் கலந்து வேறாகப் பயன்படுத்துவதுமுண்டு. வேறாக என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பிளீச்சும் வினாகிரியும் ஒரு வாளியிற் சேருமாயின் குளோரின் வாயு எழும். முதலாம் உலகப் போரிலே போர்வீரரைக் கொன்ற வாயு அது. அமோனியா கலந்த துப்புரவுத் திரவங்களோடும் பிளீச்சைச் சேர்த்தலாகாது.

தேய்ப்பது கீழிருந்து மேலே. இது எமக்கு முதலில் விந்தையாகத் தோன்றியது. அழுக்கு கீழ்நோக்கி வழியுமன்றோ? எம் மாணவரே விடை சொன்னார்: "மேல இருந்து துவங்கினால், ஊத்தைத் தண்ணி காய்ஞ்ச சுவரிலை வழிஞ்சு கோடு கோடாய்ப் பிடிச்சிடும், சேர். கீழ்ப்பக்கம் முதலே நனைஞ்சிருந்தால் அது பிடியாமல் வழுக்கி ஓடிவிடும்." தேய்த்தது காயுமுன்னே, நல்ல தண்ணீரால் மேலிருந்து கீழே அலச வேண்டும். அழுத்தநீர் இயந்திரத்தை, அதாவது நம் ஊரில் வாகனங் கழுவும் நிலையங்களிற் காணும் இயந்திரத்தை, இயன்றவரை தவிர்க்கலாம். பயன்படுத்தினாலும் அழுத்தத்தைக் குறைத்து, கண்மட்டத்தில் நேராகப் பிடிக்க வேண்டும். மேல்நோக்கி ஒருபோதும் பிடிக்கலாகாது.

மூன்று மாடிக் கட்டடம்

சிறு வீட்டிற்கு ஓர் ஏணியும் இரண்டு வாளியும் போதும். பெருங் கட்டடத்துக்கு நீண்ட கோலில் மாட்டிய தூரிகைகளும், ஆளைத் தூக்கி நிறுத்தும் இயந்திரத் தொட்டிலும் வேண்டும். மின்கம்பி எங்கே போகிறது என்று பாராமல் நெடுங்கோலை உயர்த்துவது உயிருக்கே கேடு. நாம் அங்கிருந்த நாட்களில் ஸ்கிப்பரின் கூட்டம் கடலை நோக்கி நின்ற மூன்று மாடித் தொடர்மாடி ஒன்றைக் கழுவ ஒப்புக்கொண்டிருந்தது. முந்திய கோடையில் வேறொரு கூட்டத்தார் அதே கட்டடத்தை இரண்டே நாளிற் கழுவிச் சென்றனராம். ஸ்கிப்பரோ ஆறு நாட் கேட்டார்.

முதல் நாள் காலை, கீழ்மாடியிற் குடியிருந்த இளந்தாயொருத்தி வெளியே வந்தாள். அவளும் வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறியவள். "சன்னல்களை எவ்வளவு நேரம் சாத்தி வைக்க வேண்டும்? என் மகனுக்கு மூச்சிழுப்பு, அறைக்குள் காற்று வேண்டும்" என்றாள். கையிலே நாலு வயதுப் பிள்ளை இருமிக்கொண்டிருந்தது. ஸ்கிப்பர் அவளிடம் அனுமதி பெற்று உள்ளே சென்று பார்த்தார். படுக்கையறையின் வெளிச்சுவர் ஓரத்தில், சன்னலின் கீழே, கருமையாகப் பங்கசு படர்ந்திருந்தது. அவள் அதனைத் துடைத்துத் துடைத்துக் களைத்திருந்தாள். ஈரச் சுவரிலே வளரும் பங்கசு மூச்சிழுப்புள்ள பிள்ளைகளை மிக வருத்தும் என்பது மருத்துவர் அறிந்த செய்தி.

ஸ்கிப்பர் வெளியே வந்து, அதே இடத்துக்கு நேராக நின்ற பலகையின் கீழ்விளிம்பைக் கொக்கி போன்ற சிறு கருவியால் நெம்பிக் கழற்றினார். பலகை பூட்டவிழ்ந்து மேலே எழுந்தது. உள்ளே உறை கிழிந்து தொங்கியது. மரத்தட்டி கருகியது போலக் கறுத்து, தொட்டால் ஈரமாக இருந்தது. அவர் வேலையை அத்தோடு நிறுத்திவிட்டார்.

கட்டடத்து முகாமையாளர் விரைந்து வந்தார். "கழுவத்தான் உங்களை அழைத்தோம், கழற்ற அல்ல. நாளைக்கே வேறு ஆட்களைக் கொண்டு முடிப்பேன்" என்று சினந்தார். எம் மாணவரின் முகம் வாடிற்று. அவ் வேலை போனால் இரண்டு கிழமைக் கூலி போய்விடும். அடுத்த தவணைக் கட்டணத்துக்கு அவர் நம்பியிருந்த பணம் அது. ஸ்கிப்பர் குரலை உயர்த்தவில்லை. "ஐயா, உங்கள் கையை இதில் வையுங்கள்" என்று மாத்திரஞ் சொன்னார். முகாமையாளர் சிறிது தயங்கிக் கையை வைத்தார். ஈரம் ஊறிய மரம் விரலின் கீழ் அமிழ்ந்தது. உள்ளே பிள்ளை இருமும் ஒலி திறந்த சன்னலாற் கேட்டது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு அப்பாற் சென்று, தொலைபேசியில் யாரோடோ நெடுநேரம் பேசினார்.

மறுநாள் தச்சர் இருவர் வந்தனர். அவ்விடத்துப் பலகைகளைக் கழற்றி, பழுதான தட்டியை வெட்டி மாற்றி, அறையிலும் பழுதானதை நீக்கி, உலரவிட்டு, புதிய உறையிட்டு மூடினர். ஸ்கிப்பரின் கூட்டம் இரண்டு நாட் சும்மா இருந்தது. அந் நாட்களுக்குக் கூலியில்லை. பின்னர் மற்றச் சுவர்களைத் தூரிகையாலும் மென்னீராலும் கழுவி முடித்தனர். பாசி நீங்கிய வடக்குச் சுவர் மூடுபனியினூடே வெளிறிய நீலமாகத் தெரிந்தது. அதனைப் பார்த்துக்கொண்டு நின்ற எம் மாணவர், "ரெண்டு நாட் கூலி போனால் போகட்டும், சேர். அந்தப் பொடியன் இனி இரவிலை நித்திரை கொள்ளுவான்" என்றார். கணிதத்தில் அவர் பெற்ற புள்ளிகளைக் கண்டு மகிழ்ந்ததிலும் அச் சொல்லைக் கேட்டு அதிகம் மகிழ்ந்தோம்.

வைனிற் பலகையை முற்றாகப் போற்றவும் இயலாது. அது ஆக்கப்படும் வைனைல் குளோரைட்டு வாயு புற்றுநோய் விளைப்பது. தீப்பற்றினால் அப் பலகை உருகி, கண்ணையும் மூச்சையும் எரிக்கும் புகையைக் கக்கும். கடுங்குளிரில் ஓர் அடி பட்டால் வெடித்துவிடும். ஆயினும் ஏணியில் நின்று வர்ணம் சுரண்டும் வேலையிலிருந்து எத்தனையோ ஏழைக் குடும்பங்களை அது விடுவித்தது என்பதும் உண்மை. விற்றவர் சொன்ன ஒரு சொல்லே பொய்: பராமரிப்பு வேண்டாம் என்பது. மனிதர் குடியிருக்கும் எதற்கும் பராமரிப்பு வேண்டும். நாம் பொங்கலுக்கு முன்னர்ச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுகின்றோம்; அவர்கள் கோடை பிறந்ததும் கழுவுகின்றார்கள். பூசுமுன்னும் கழுவுமுன்னும் சுவரின் உட்புறம் ஈரமாயிருக்கிறதா என்று பார்ப்பவர் எந் நாட்டிலும் சிலரே.

வெளிநாடு சென்று படிக்கும் நம் பிள்ளைகளிற் பலர் விடுமுறையில் இத்தகைய வேலைகளுக்குச் செல்வர். செல்வதில் இழிவொன்றுமில்லை. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் கைக்கு உறையும் அணிக. இரண்டு திரவங்களை ஒருபோதும் தாமாகக் கலவாதிருக்க. கோலை உயர்த்துமுன் மின்கம்பியைப் பார்க்க. விரைவாக முடியுமென்று சொல்லி, தண்ணீரை மேல்நோக்கி அடிக்கச் சொல்பவர் எவராயினும், அச் சுவருக்குப் பின்னால் ஒரு பிள்ளை உறங்குகிறது என்பதை அவருக்கு அமைதியாக எடுத்துச் சொல்க.